நட்டம் யார் கணக்கில்?

வங்கியிலிருந்து இப்போது வரும் புதிய கார்டைத் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. எண்கள் மேலெழும்பி நிற்பதில்லை. சில கார்டுகளின் முன்பக்கத்தில் எண்ணே கிடையாது. ஒரு காலத்தில் விரல் நுனியில் தட்டுப்பட்ட அந்தப் புடைப்பு எழுத்துகள் அழகுக்காக வந்தவை அல்ல. நகைக்கடை, பெரிய ஜவுளிக்கடை, நட்சத்திர ஹோட்டல் ஆகியவற்றின் கல்லாவருகே இருந்த ஒரு சிறு கருவிக்காக வந்தவை. கார்டை அதில் கிடத்தி, கார்பன் தாள் வைத்த ரசீதை மேலே பரப்பி, கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் மறுபடி இந்தக் கோடிக்கும் இழுப்பார்கள். ‘கர்ரக்’ என்ற சத்தத்தோடு எண்ணும் பெயரும் காகிதத்தில் பதியும். வாடிக்கையாளருக்கு ஒரு படி, கடைக்கு ஒரு படி, வங்கிக்கு ஒரு படி. மின்சாரம் வேண்டியதில்லை, தொலைபேசி வேண்டியதில்லை. சாயங்காலம் ரசீதுகளை அடுக்கி, கூட்டிப் பார்த்து, வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தால் சில நாள் கழித்துப் பணம் கணக்கில் ஏறும். இந்தியாவில் 1960-களின் தொடக்கத்தில் டைனர்ஸ் கிளப் கார்டு வந்தது. 1980-களில் வங்கிகளே கார்டு கொடுக்கத் தொடங்கின. மின்னணுக் கருவிகள் பரவும் வரை கார்டு வியாபாரம் என்பது இந்தக் கைப்பிடியின் இழுப்புதான்.

அந்தக் கருவிக்குத் திருடனையும் தெரியாது, உரியவரையும் தெரியாது. எந்தக் கார்டை வைத்தாலும் பதித்துக் கொடுக்கும். பாதுகாப்பு முழுவதும் கல்லாவில் இருந்த மனிதரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. தொலைந்த, திருடுபோன கார்டுகளின் எண்களைப் பொடி எழுத்தில் அச்சடித்த பட்டியல் அவ்வப்போது வரும். வாடிக்கையாளர் காத்து நிற்க, அதில் விரல் வைத்து வரிவரியாகத் தேட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேலே போனால் வங்கிக்குத் தொலைபேசி செய்து, அவர்கள் சொல்லும் அனுமதி எண்ணை ரசீதில் எழுத வேண்டும். கார்டின் பின்புறக் கையெழுத்தையும் ரசீதில் போட்ட கையெழுத்தையும் ஒப்பிட வேண்டும். குப்பையில் கிடக்கும் கார்பனிலிருந்து எண்ணைப் படித்துவிடலாம் என்பது தெரிந்த பிறகு, அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். இவ்வளவு தொல்லையையும் கடைகள் ஏன் பொறுத்துக்கொண்டன? வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி தெளிவாக இருந்தது. பட்டியலைப் பார்த்து, வரம்பு மீறிய தொகைக்கு அனுமதி வாங்கி, கையெழுத்தைச் சரிபார்த்திருந்தால் மோசடியின் நட்டம் வங்கியுடையது. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டிருந்தாலும் நட்டம் கடையுடையது. கடைக்காரர் முதலில் மனப்பாடம் செய்தது இந்த விதியைத்தான். கைப்பிடியை இழுக்க ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம்.

கார்டுத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் கருவிகளை வரிசைப்படுத்துவது வழக்கம். முதலில் புடைப்பெழுத்து, அடுத்து காந்தப்பட்டை, பிறகு சிப், பிறகு அருகில் காட்டினாலே போதும் என்ற கார்டு, கடைசியில் கியூஆர் கோடு. இந்த வரிசையில் கடைக்காரருக்குக் கிடைக்கும் இடம், புதியதைக் கண்டு தயங்கும் பழமைவாதி என்பதுதான். அந்தச் சித்திரம் தவறு. கடைக்காரர் கருவிக்காக மாறவில்லை, நட்டம் யார் தலையில் விழும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைக்காக மாறினார். விடை தெளிவாக இருந்த இடத்தில் மாற்றம் வேகமாக வந்தது. மங்கலாக இருந்த இடத்தில் எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் கடை வாசலில் காத்துக் கிடந்தது. கடந்த சில பத்தாண்டுகளை நினைத்துப் பார்த்தால் இதற்கான சான்றுகள் பல நாடுகளின் கல்லாக்களில் கிடைக்கின்றன.

காந்தப்பட்டையிலிருந்து தொடங்கலாம். 1960-களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டத் திணறியபோது, துணி தேய்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டிப் பார்க்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தப் பட்டை கடைகளுக்கு வந்ததும் பட்டியல் புத்தகம் மறைந்தது. கருவி தொலைபேசிக் கம்பி வழியே வங்கியை அழைக்கும், கீச்சுக் குரலில் பேசும், கொஞ்ச நேரத்தில் ரசீதை உமிழும். அதுவரை கடையின் தொலைபேசியில் யாரும் பேச முடியாது. தீபாவளி நெரிசலில் அந்தக் காத்திருப்பே ஒரு யுகம். ஆனால் பட்டையில் இருந்த விவரம் என்றும் மாறாதது. ஒருமுறை படித்துக்கொண்டவன் அதே விவரத்தை வேறொரு அட்டையில் எழுதிவிடலாம். சிப் இந்த ஓட்டையை அடைத்தது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குவதால், நேற்றைய விவரத்தைத் திருடி இன்றைக்குப் போலி அட்டை செய்ய முடியாது. பிரான்ஸ் 1990-களின் தொடக்கத்திலேயே நாடு முழுவதும் சிப்புக்கு மாறிவிட்டது. பிரிட்டனில் 2005 தொடக்கத்தில் விதி மாறியது. சிப் கார்டு வந்தும் கடையில் அதைப் படிக்கும் கருவி இல்லையென்றால், போலி அட்டையின் நட்டம் கடைப் பக்கம் சாயும் என்றார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 14 முதல் பின் நம்பர் போடாமல் பணம் செலுத்த முடியாது என்ற நிலை வந்துவிட்டது. அதற்குள் பெரும்பாலான கடைகள் தயாராக இருந்தன.

அமெரிக்கா இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே சிப் யாருக்கும் தெரியாத பொருளாக இருக்கவில்லை. டார்கெட் என்ற பெரும் கடைத்தொடர் 2001-ல் தானாகவே சிப் கார்டு கொடுத்துப் பார்த்து, 2004-ல் கைவிட்டது. மற்ற கடைகளும் வங்கிகளும் கூட வராதபோது ஒரே நிறுவனம் செய்யும் செலவால் பயன் இல்லை, கல்லாவில் வரிசை நீண்டதுதான் மிச்சம். அதே டார்கெட்டின் கல்லாக் கருவிகளில் 2013 நவம்பர், டிசம்பர் பண்டிகை நாட்களில் திருட்டு மென்பொருள் புகுந்தது. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் போனது. காந்தப்பட்டை விவரம் என்பதால் அதை வைத்துப் போலி அட்டைகள் செய்ய முடிந்தது. 2015 அக்டோபரில் கார்டு நிறுவனங்கள் நட்டத்தின் விதியை மாற்றின. சிப்புக்குத் தயாராகாத தரப்பு, அது வங்கியானாலும் கடையானாலும், போலி அட்டையின் நட்டத்தை ஏற்க வேண்டும் என்றன. அதன் பிறகு கருவிகள் மாறத் தொடங்கின. சிப்புக்கு மாறிய கடைகளில் போலி அட்டை மோசடித் தொகை 2015 செப்டம்பரோடு ஒப்பிட 2019 மார்ச்சில் 87 சதவீதம் குறைந்திருந்ததாக விசா கணக்கு வெளியிட்டது. பெட்ரோல் பம்புகளுக்கு மட்டும் அவகாசம் 2017, பிறகு 2020, பிறகு 2021 என்று தள்ளிக்கொண்டே போனது. அங்கே பழைய கருவிகளும் தங்கின, பட்டையைத் திருடுபவர்களும் அங்கேயே கூடினார்கள். அதே நாடு, அதே கார்டு, அதே சிப். விதி வந்த இடத்துக்கும் வராத இடத்துக்கும் இருந்த வித்தியாசம் அது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்று தீர்மானிப்பவர்கள் யார்? கார்டு நிறுவனங்களும் பெரிய வங்கிகளும். அப்படியானால் இது வலியவர் எளியவர் மீது பாரத்தைத் தள்ளும் வித்தைதானே? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2016-ல் புளோரிடா மாநிலத்தின் சிறு மளிகை நிறுவனம் ஒன்று கார்டு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. சிப் கருவியை நாள் தவறாமல் வாங்கி வைத்துவிட்டோம், ஆனால் அதை இயக்கச் சான்று தரவேண்டியவர்கள் எங்களைக் காக்க வைத்துவிட்டு, இடைப்பட்ட மோசடிகளின் நட்டத்தை எங்கள் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது அவர்களுடைய புகார். அதே ஆண்டில் வால்மார்ட்டும் ஹோம் டிப்போவும் தனித்தனியே நீதிமன்றம் போயின. பின் நம்பர் கேட்டால் திருடுபோன கார்டும் பயன்படாமல் போகும், ஆனால் கையெழுத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது அந்த வழக்குகளின் சாரம். பாதுகாப்பை எதிர்த்த கடைக்காரர்கள் அல்ல இவர்கள், இன்னும் கூடுதலான பாதுகாப்பைக் கேட்டவர்கள். ஆகவே இந்த மறுப்பு வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நட்டம் யாருடையது என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் போதாது. அதைத் தடுக்கும் சக்தி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் போய்ச் சேர வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கவும் முடியாத, சான்றை விரைவுபடுத்தவும் முடியாத ஒருவர் மீது ஏற்றிய நட்டம் பாதுகாப்பைக் கூட்டாது, வெறுப்பைத்தான் கூட்டும்.

இந்தியாவை எடுத்துக்கொண்டு இன்னொரு மறுப்பைச் சொல்லலாம். இங்கே மாற்றங்கள் ரிசர்வ் வங்கியின் உத்தரவால் வந்தவை, நட்டக் கணக்கால் அல்ல என்பது அது. 2013 டிசம்பர் முதல் கடைகளில் டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் கட்டாயமானது. 2018 முடிவுக்குள் பழைய பட்டைக் கார்டுகளை எல்லாம் சிப் கார்டுகளாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டும் நடந்தேறின. ஆனால் எப்படி நடந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஹோட்டலில் பில் வைக்கும் அட்டைக்குள் கார்டைச் செருகிக் கொடுத்தால், சர்வர் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பின் நம்பர் கட்டாயமானதும் கருவி மேசைக்கு வந்திருக்க வேண்டும். பல இடங்களில் கருவி கம்பியோடு கல்லாவிலேயே கட்டுண்டு கிடந்தது. விளைவு, “பின் நம்பர் சொல்லுங்க சார்” என்று சர்வர் கேட்பதும், நான்கு மேசைக்குக் கேட்கும்படி வாடிக்கையாளர் சொல்வதும் வழக்கமாகிப்போனது. பெட்ரோல் பங்குகளிலும் இதே காட்சிதான். உத்தரவின் எழுத்து நிறைவேறியது, அதன் நோக்கம் கை நழுவியது. பின் நம்பர் வெளியே போனால் நட்டம் யாருக்கு என்பது அந்த சர்வருக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. கம்பியில்லாத கருவிகள் மலிவாகி மேசைக்கு வந்த பிறகுதான் அந்த வழக்கம் தேய்ந்தது. இதை உணர்ந்ததுபோல ரிசர்வ் வங்கியின் பிற்கால உத்தரவுகள் நட்டத்தையும் சேர்த்தே பேசுகின்றன. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியே எங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று 2017-ல் வகுத்தார்கள். 2025-ல் வெளியிட்டு 2026 ஏப்ரலில் இருந்து நடைமுறை என்று அறிவித்த அங்கீகார விதிகளிலும், விதியைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையின் இழப்பைக் கார்டு வழங்கிய நிறுவனமே முழுதாக ஈடுகட்ட வேண்டும் என்று இருக்கிறது. உத்தரவும் நட்டக் கணக்கும் எதிரெதிர் வழிகள் அல்ல. இரண்டாவது உள்ளே இருந்தால்தான் முதலாவது உயிரோடு இயங்குகிறது.

இணையக் கடைகளின் கதை இதே வழியில் இன்னும் ஓர் அடி போகிறது. 2009 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் இணையத்தில் கார்டு எண்ணோடு கூடுதலாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும் என்றானது. கடவுச்சொல் மறந்துபோகும், ஓடிபி வந்து சேராது, பக்கம் பாதியில் நின்றுபோகும். வியாபாரம் கெடுகிறது என்று வணிகர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. பொருள் வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டை ஃபிளிப்கார்ட் 2010-ல் கொண்டுவந்ததும், அது நாடெங்கும் பரவியதும் கார்டு இல்லாதவர்களுக்காக மட்டும் அல்ல, கார்டை இணையத்தில் நம்பாதவர்களுக்காகவும்தான். காலப்போக்கில் ஓடிபி பழகியது. ஆனால் மறுமுறை எளிதாக வாங்குவதற்காகக் கடைகள் கார்டு எண்ணைத் தங்களிடமே சேமித்து வைக்கத் தொடங்கின. அங்கேதான் அடுத்த ஆபத்து. துணியும் செருப்பும் விற்பவர், லட்சக்கணக்கானவர்களின் வங்கிச் சாவிக்குக் காவலாளி ஆகிவிட்டார். 2022 அக்டோபர் முதல் கடைகள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதிலாக அந்தக் கடைக்கு மட்டுமே செல்லும் மாற்று எண்ணைத்தான் வைத்திருக்கலாம் என்றானது. பலமுறை தள்ளிப்போன இந்த விதியைத் தொல்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. காக்க முடியாத ஒன்றைக் காக்கும் பொறுப்பிலிருந்து அவரை விடுவித்த விதி இது. நட்டத்தைச் சரியான இடத்தில் வைப்பதற்கு மிகச் சிறந்த வழி, நட்டம் பிறக்கும் பொருளையே தவறான இடத்திலிருந்து எடுத்துவிடுவதுதான்.

நட்டம் என்பது மோசடியால் மட்டும் வருவதல்ல. கண்ணாடிக் கதவில் விசா, மாஸ்டர்கார்டு வில்லைகளை ஒட்டி, கல்லாவில் இரண்டு மூன்று வங்கிகளின் கருவிகளை வரிசையாக வைத்திருந்த கடைகளிலேயே ‘கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல்’ என்று கையால் எழுதிய அட்டையும் தொங்கியது. வங்கி பிடிக்கும் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் வைத்தது ஒப்பந்தத்துக்கு விரோதம். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-ல் சொல்லவும் வேண்டியிருந்தது. ஆனால் லாபமே சில சதவீதமாக இருக்கும் தங்க வியாபாரத்திலும் மளிகையிலும் அந்தக் கமிஷன் ஒவ்வொரு பில்லிலும் நிச்சயமாக விழும் நட்டம். எப்போதோ வரும் மோசடியைவிட அன்றாடம் வரும் கமிஷன் கடைக்காரரை அதிகம் உறுத்தியதில் வியப்பில்லை. 2012-ல் ரூபே என்ற உள்நாட்டு வலையமைப்பு வந்தது. 2018 முதல் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை விற்கும் சிறு வணிகர்களுக்கு டெபிட் கார்டுக் கமிஷன் அதிகபட்சம் 0.40 சதவீதம் என்று வரம்பு வந்தது. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கமிஷனே இல்லை என்றானது. வலையமைப்புகளின் தலையெழுத்தும் மாறியபடியே இருந்தது. பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றவில்லை என்று 2021 ஜூலையிலிருந்து சுமார் ஓராண்டு மாஸ்டர்கார்டு இங்கே புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க முடியாமல் இருந்தது. கடைக்காரருக்கு அதில் பெரிய இடையூறு இல்லை. அவருடைய கருவி எல்லா வலையமைப்பையும் ஏற்றது, கதவில் வில்லை ஒட்டும் பழக்கமும் மெல்லப் போய்விட்டது. எந்தப் பெயர் வென்றது என்பதைவிட எது எவ்வளவு பிடிக்கிறது என்பதே அவருக்கு முக்கியம்.

இங்கே கடைசி மறுப்பு எழும். கியூஆர் கோடு இளநீர் வண்டி வரை பரவியதே, அங்கே யார் நட்டக் கணக்கு பார்த்தார்கள்? 2016-ல் யுபிஐ வந்ததும், அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்ததும், கைபேசி இணையம் மலிவானதும் காரணங்கள்தான். ஆனால் இளநீர்க்காரர் கணக்குப் பார்க்கவில்லை என்று நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவது. கருவி வாங்கும் செலவில்லை, கமிஷன் இல்லை, வாடிக்கையாளரின் ரகசிய விவரம் எதுவும் அவரிடம் தங்குவதில்லை. பணத்தை அனுப்புவது வாடிக்கையாளர், பின் நம்பரைப் போடுவதும் அவருடைய சொந்தக் கைபேசியில். முந்தைய எந்த முறையும் இவ்வளவு சுத்தமாகக் கடைக்காரரை நட்டத்திலிருந்து விலக்கி வைத்ததில்லை. மிச்சமிருந்தது ஒரே ஓட்டை. பணம் அனுப்பாமலே அனுப்பியதுபோல் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள். அதை அடைக்க, வந்த தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் வந்தது. மாத வாடகை கொடுத்தாவது சின்னக் கடைகள்கூட அதை வாங்கி வைத்தன. இலவசத்துக்கு மட்டும் மயங்குபவர்கள் என்றால் அந்த வாடகையை ஏன் கொடுக்கிறார்கள்? தங்கள் நட்டத்தைத் தடுக்கும் பொருளுக்குக் காசு கொடுக்க அவர்கள் என்றும் தயங்கியதில்லை.

அந்தச் சுத்தமும் இப்போது கலங்கத் தொடங்கியிருக்கிறது. எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் கை மாறிக் கை மாறி, ஒரு பிரியாணிக்கோ மருந்துக்கோ விலையாகக் கடைக்காரர் கணக்கில் வந்து சேர்கிறது. வேறு மாநிலக் காவல்துறையின் கடிதம் வங்கிக்கு வந்ததும் அவருடைய கணக்கு முழுவதும் முடங்குகிறது. 2023-ல் கேரளத்தில் இப்படிப் பல சிறு வியாபாரிகள் தவித்தார்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வந்த பணம் திருட்டுப் பணமா என்று சோதிக்க அந்த வியாபாரியிடம் வழியே இல்லை. தடுக்கும் சக்தி இல்லாதவர் மீது நட்டம் விழுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பழைய பட்டியல் புத்தகத்தைப் புரட்டியவருக்காவது தான் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்திருந்தது.

இனி வரப்போவது விரல் ரேகையா, முகமா, கார்டே இல்லாத காலமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எது வந்தாலும் நம் கடைக்காரர்கள் கற்றுக்கொள்வார்கள். கைப்பிடிக் கருவியிலிருந்து சவுண்ட்பாக்ஸ் வரை கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் இன்னும் தராத ஒன்று உண்டு. கருவியையோ கியூஆர் அட்டையையோ மேசையில் வைக்கும் அன்றைக்கே, மோசடி நடந்தால் யார் ஈடுகட்டுவது, கணக்கு முடங்கினால் எத்தனை நாளில் யாரிடம் முறையிடுவது, கமிஷன் பிறகு வந்தால் எவ்வளவு வரை வரலாம் என்பதை ஒரே பக்கத்தில், அவர் படிக்கும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பொடி எழுத்து ஆங்கிலத்தில் பல பக்கம் அச்சடித்துக் கையெழுத்து வாங்குவது அதற்கு ஈடாகாது. வங்கிகளும் செயலி நிறுவனங்களும் இதைத் தாமாகச் செய்யப்போவதில்லை. வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டும், ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். அந்த ஒரு பக்கம் கல்லாவுக்கு வந்துவிட்டால், அடுத்த தொழில்நுட்பத்தைப் பரப்ப விளம்பரமோ மிரட்டலோ தேவைப்படாது.